பீரங்கியின் தொட்டில்

மார்ச் 4, செவ்வாய்

சலவை இயந்திரக் கையேடு ஒருவழியாக முடிந்தது. "துணி பிழியும் வேகம்" என்பதா, "சுழலும் வேகம்" என்பதா என்று காலையிலிருந்து மல்லுக்கட்டி, கடைசியில் முதலில் போட்டதையே வைத்து அனுப்பினேன். நாற்காலியை விட்டு எழுவதற்குள் போன். பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து பேசுகிறோம் என்றார் ஒருவர். ஐயையோ, என்ன செய்து தொலைத்தேன் என்றுதான் முதலில் தோன்றியது.

நான் படித்த அந்நிய மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். எழுத அல்ல, கூடவே நின்று பேச. அந்த மொழி தெரிந்தவர்கள் இந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நான் அந்த நாட்டுக்கே போய்ப் படித்தவள் என்பதை எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன். "நேர்ல வாங்க மேடம், சொல்றோம்."

அந்த மொழியில் வாய்திறந்து பேசி எவ்வளவு காலமாயிற்று! நாக்கு துருப்பிடித்திருக்குமோ?

மார்ச் 6, வியாழன்

போனேன். வெளிநாட்டிலிருந்து ஆறு பீரங்கிகள் வந்திருக்கின்றன. அவற்றைக் கையாளக் கற்றுக்கொடுக்க ஒரு மெக்கானிக் வருகிறார். அவர் சொல்வதை வீரர்களுக்கு நான் சொல்ல வேண்டும், வீரர்கள் கேட்பதை அவருக்கு. எல்லாம் சரியாக அமைந்தால் இன்னும் வாங்குவார்களாம். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. (சொல்ல மறந்திருப்பார்கள்.)

வீட்டுக்கு வந்து இவரிடம், ஒரு வேலை கிடைத்திருக்கிறது, என்ன வேலை என்று சொல்ல முடியாது என்றேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்த தூசி இன்னும் அவர் சட்டையில் இருந்தது. "இத்தனை வருஷமா நான் சொல்றது எதையும் நீ காதுல வாங்கல. இனிமே நீயும் சொல்ல மாட்டே. ரெண்டு பேரும் சமமாயிட்டோம்" என்றார்.

சிரித்தேன். ஆனாலும் பீரங்கி என்ற சொல் மனதை விட்டுப் போகவில்லை. தம்பி பீரங்கிப் படையில்தான் இருக்கிறான். எல்லையில் நிலைமை சரியில்லை என்று செய்தியில் தினமும் சொல்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

ஊருக்கு வெளியே பெரிய தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததுமே புதுப் பெயிண்ட் நெடி தலையைச் சுற்றியது. ஆறு பீரங்கிகளும் வரிசையாக, மினுக்கிக்கொண்டு. வீரர்கள் எதிரே நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன் — என் தம்பி!

அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கர்னல் என்னை அறிமுகப்படுத்தினார். "இவர் பேசறதை மேடம் நமக்குச் சொல்வாங்க. சந்தேகம் இருந்தா மேடத்தைக் கேளுங்க." எல்லோரோடும் சேர்ந்து அவனும் விறைப்பாக "யெஸ் மேடம்" என்றான். பிறந்ததிலிருந்து அவன் எனக்கு மரியாதை கொடுத்தது இதுதான் முதல் தடவை. சிரிப்பை அடக்க இருமினேன்.

மெக்கானிக் வயதானவர். ஓய்வு பெற்றவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அகலமான கைகள், நகத்தடியில் போகாத கறுப்பு. அவரோடு ஒருவர் — இந்தப் பீரங்கிகளைக் கொண்டுவந்து சேர்த்த தரகர். எந்த நாட்டுக்காரர் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கோட்டுப் பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டுகிறார். கர்னலுக்கும், வாசலில் நின்ற காவலாளிக்கும், எனக்கும். தம்பியின் கூட்டம் மதியத்துக்குள் அவருக்கு மிட்டாய் என்றே பெயர் வைத்துவிட்டது. அவருக்கு மெக்கானிக்கின் மொழி அரைகுறைதான். கர்னலோடு ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்.

குண்டு வெடிக்கும்போது குழல் பின்னால் உதைக்கும். அது சறுக்கிப் போய்த் திரும்ப வரும்படி அடியில் ஒரு நீளமான இரும்புத் தாங்கி இருக்கிறது. அவர்கள் மொழியில் அதற்குத் தொட்டில் என்று பெயர். வேறு சொல் சட்டென்று வாயில் வரவில்லை. "இதுதான் தொட்டில்" என்றேன். கொட்டகையே சிரித்தது. "தாலாட்டு பாடணுமா மேடம்?" என்று ஒரு குரல். யார் குரல் என்று எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் போன். "மேடம், சாப்டீங்களா?"

"டேய்! எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ எங்கிட்ட சொன்னியா? நீயும் கையெழுத்து போட்ட, நானும் போட்டேன். அக்கா, மூணாவது பீரங்கி என் பொறுப்பு. தங்கமா இருக்கு. நாம அக்கா தம்பின்னு நாமளா போய்ச் சொல்லிக்க வேணாம், சரியா?"

அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஏன் அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை?

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

தேநீர் இடைவேளை. வீரர்கள் வெளியே போயிருந்தார்கள். மிட்டாய் வாசலில் போனில் இருந்தார். மெக்கானிக்குக்குக் கொட்டகையில் பேச்சுத் துணை நான் ஒருத்திதான். மனைவி இறந்தது, வீட்டுக் கூரை ஒழுகுவது, எல்லாம் என்னிடம்தான் சொல்வார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே மூன்றாவது பீரங்கியின் அடியில் குனிந்து, தொட்டிலைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் கை நின்றது. திரும்பத் தடவினார். அப்புறம் குழந்தை மாதிரி சிரித்தார்.

"இங்கே கை வை" என்றார். வைத்தேன். பெயிண்டுக்கு அடியில் புடைப்பாக ஒரு கோடு.

"இது என் வெல்டிங். வாலிபத்தில் கம்பெனி என்னை வேறொரு நாட்டுக்கு அனுப்பியது, அவர்களுக்கு விற்ற பீரங்கிகளைப் பார்த்துக்கொள்ள. இந்தத் தொட்டில் விரிசல் விட்டது. எனக்கு அப்போது காய்ச்சல், கை நடுங்கியது. பார், எப்படிக் கோணலாகப் போகிறது! என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி அதைத் தட்டிக்கொடுத்தார். தட்டிய கை அப்படியே நின்றது.

"இது புதியது என்றல்லவா சொன்னார்கள்..." என்றேன்.

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "அம்மா, இதை நீ மொழிபெயர்க்காதே."

மூணாவது பீரங்கி. என் தம்பி நிக்கிற பீரங்கி.

மார்ச் 15, சனி

சாப்பாட்டில் உப்பே போடவில்லையாம். இவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார்.

மார்ச் 17, திங்கள்

இன்று மெக்கானிக்கை விடவில்லை. கை கழுவப் போன இடத்தில் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னது: வாங்கிய நாடு அந்தப் பீரங்கிகளை வருஷக்கணக்காக ஓட்டிவிட்டு, இனி உதவாது என்று பழைய இரும்பாக ஒதுக்கிவிட்டது. எவரோ அதை வாங்கினார். அவரிடமிருந்து மிட்டாய். நடுவில் ஒரு துறைமுகத்தில் வைத்துச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, புதியவை என்று ஆவணமும் தயாரித்திருக்கிறார்கள். மெக்கானிக் வேலை பார்த்த கம்பெனியை மூடி வெகுகாலமாகிறது. மிட்டாய் அவரைத் தேடிப் பிடித்து, போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். இங்கே வந்து கை வைக்கும்வரை அவருக்கே தெரியாதாம்.

"தாங்குமா?" என்று கேட்டேன்.

"தாங்கலாம். ஆயிரம் குண்டுக்கும் தாங்கலாம். முதல் குண்டிலேயே போகவும் போகலாம். வெல்டிங் அப்படித்தான்."

"மற்ற ஐந்து?"

"அவற்றில் என் கை படவில்லை. எனக்குத் தெரியாது."

நாளைக்குக் கூட்டம். கர்னலிடம் தானே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அப்பாடா. நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை இது. இருவர் நடுவில் நிற்பவள் தன் பேச்சைப் பேசக் கூடாது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இருக்கிற ஒரே தொழில் ஒழுக்கம் அது.

அவர் சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார்தானே?

மார்ச் 18, செவ்வாய்

சொல்லவில்லை.

கர்னல் நேராகவே கேட்டார். "இந்தப் பீரங்கிகளைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?" நான் அவர் மொழியில் கேட்டேன், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி. மெக்கானிக் மேஜையைப் பார்த்தார். மிட்டாய் ஒரு மிட்டாயின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சரசரப்பு மட்டும்தான் அறையில்.

மெக்கானிக் பதில் சொன்னார். நான்கே சொற்கள்.

கர்னல் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்ல நிலைமைல இருக்குன்னு சொல்றார் சார்" என்றேன்.

மார்ச் 19, புதன்

அவர் சொன்னது அவர் பொய். ஆனா கர்னல் காதுல விழுந்தது என் குரல்தானே.

மார்ச் 20, வியாழன்

தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள். வெயில் என்று மழுப்பினேன். தம்பியை மொட்டை மாடிக்கு இழுத்துப் போய், காய்ந்த துணிகளுக்கு நடுவில் நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவன் கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. ஒரு போர்வையை மடிக்க ஆரம்பித்தான். மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லடா."

"சொல்லாதே. சொன்னா உன்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. கையெழுத்து போட்டிருக்கே."

"உனக்கு உடம்பு சரியில்லன்னு லீவு போடு. வேற எடத்துக்கு மாத்தல் கேளு. ஏதாவது பண்ணு."

அப்போதுதான் கோபம் வந்தது அவனுக்கு. "நான் நகர்ந்துட்டா அந்த எடம் காலியாவா இருக்கும்? அடுத்தவன் வந்து நிப்பான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

நான் அந்த அடுத்தவனைப் பற்றி நினைக்கவே இல்லை. ஒரு நொடிகூட.

மார்ச் 24, திங்கள்

தம்பி மனைவி போன். அழுகையில் பாதி புரியவில்லை. தம்பியைக் காவலில் வைத்துவிட்டார்கள். கத்தியால் பீரங்கியின் பெயிண்டைச் சுரண்டினானாம். ராணுவச் சொத்தைச் சேதப்படுத்தியதாகக் குற்றம். ஏன் செய்தாய் என்று கேட்டால், கை பட்டபோது மேடாகத் தெரிந்தது, பார்க்கலாமென்று சுரண்டினேன் என்று மட்டும் சொல்கிறானாம். யார் சொன்னது என்றால் வாயே திறக்கவில்லை.

"அவரு அப்படிச் செய்யற ஆளே இல்ல அண்ணி! உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும்மா. எல்லாம் தெரியும். "விசாரிக்கிறேன்" என்றேன்.

இவரிடம் சொல்லிவிட்டேன். கையெழுத்தாவது மண்ணாவது. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "நாளைக்கு நான் கடைக்கு லீவு சொல்றேன். அந்த கேட் வரைக்கும் உன்கூட வரேன். உள்ள விட மாட்டாங்க, அதனால கேட் வரைக்கும்."

மார்ச் 25, செவ்வாய்

கர்னலின் அறை. சின்ன அறைதான். மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். வெல்டிங், விரிசல், துறைமுகம், பெயிண்ட். கூட்டத்தில் நான் சொன்னது மெக்கானிக் சொன்ன சொல்தான், ஆனால் அது உண்மையில்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சொன்னேன். கடைசியாக, சுரண்டியவன் என் தம்பி என்று.

"தம்பின்னு எனக்குத் தெரியும். உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே விசாரிச்சாச்சு."

அவர் சத்தம் போடுவார் என்றுதான் தயாராகப் போயிருந்தேன். போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பீரங்கி பழசுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா மேடம்?"

உட்கார்ந்தேன்.

"புதுசு வாங்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? செய்யற நாடு எதுவும் நமக்கு விக்காது. தடை போட்டிருக்கான். அதனால எவனோ செஞ்சு, எவனோ ஓட்டி, எவனோ தூக்கிப் போட்டதை இந்த மாதிரி ஒரு ஆள் மூலமாத்தான் வாங்க முடியும். அந்தப் பக்கம் எல்லையில அவங்ககிட்ட இருக்கு. நம்மகிட்ட இல்ல. வெறுங்கையோட நிக்கச் சொல்றீங்களா?"

"தெரிஞ்சேதான் வாங்கினீங்களா சார்?"

"பழசுன்னு தெரியும். விரிசல் விட்டதுன்னு தெரியாது."

"அதைக் கையால தொடறவங்களுக்கு ரெண்டுமே தெரியல சார். புதுசுன்னு நினைச்சுத் துடைச்சுத் துடைச்சு வெக்கறாங்க."

நீங்கள் போகலாம் என்றார். தம்பியைப் பற்றிக் கேட்டேன். போகலாம் என்றார் மறுபடியும்.

கேட்டில் இவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

மார்ச் 26, புதன்

ஒன்றும் தெரியவில்லை. போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். சத்தம் வந்தால் பயம், வராவிட்டாலும் பயம்.

மார்ச் 27, வியாழன்

கொட்டகைக்கு இனி வர வேண்டாம் என்று அமைச்சகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. அதையே பெரிய கருணையாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம் — இவர் சொல்கிறார்.

மார்ச் 28, வெள்ளி

தம்பி பேசினான்! குரல் கரகரத்திருந்தது.

அவனைக் காவலிலிருந்து நேராக மைதானத்துக்குத்தான் கூட்டிப்போயிருக்கிறார்கள். மூன்றாவது பீரங்கியைத் தனியே நிறுத்தி, விசையில் நீளக் கயிறு கட்டி, எல்லோரும் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொண்டு இழுத்தார்களாம். கர்னலும் பள்ளத்தில். மிட்டாயும் பள்ளத்தில்.

"காலைல பூரா சுட்டோம் அக்கா. ஒண்ணுமே ஆகல. ஜம்முனு வேலை செய்யுது. மிட்டாய் எல்லார்கிட்டயும் மிட்டாய் நீட்டறான். கர்னல் என்னைப் பார்த்தாரு பாரு, ஒரு பார்வை. செத்தேன்னு நினைச்சேன். இது உடையணும்னு வேண்டிக்கிட்டு நிக்கறேன். என்ன மனுஷன் நான்!"

"அப்புறம்?"

"மத்தியானத்துக்கு மேல தொட்டில் பிளந்துடுச்சு. குழல் அப்படியே பின்னால பிச்சுக்கிட்டு வந்து மண்ணுல சொருகிடுச்சு. நாங்க வழக்கமா நிக்கற எடம்."

"தம்பி, சாப்டியா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

ஏப்ரல் 3, வியாழன்

தம்பி மேல் இருந்த குற்றத்தை எடுத்துவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பீரங்கி உடைந்தது வீரர்கள் தப்பாகக் கையாண்டதால்தான் என்று மிட்டாய் சாதிக்கிறாராம். ஆனாலும் வேறொன்று தருகிறேன் என்றும் சொல்கிறாராம்.

மெக்கானிக் ஊருக்குக் கிளம்பும் முன் விமான நிலையத்திலிருந்து பேசினார். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்றார். மறுபடியும் "நல்லது". கோபத்தோடுதான் போனை எடுத்தேன். அந்தக் குரலைக் கேட்டபின் திட்ட வரவில்லை. மன்னிக்கவும் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மற்ற ஐந்தும் எல்லைக்குப் போகின்றன. தம்பியும்.

"அதெல்லாம் சரியா இருக்காடா?"

"சுரண்டிப் பார்த்துட்டோம் அக்கா. இந்தத் தடவை கர்னலே கத்தி எடுத்துக் குடுத்தாரு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

கண்ணுக்கு.

ஏப்ரல் 22, செவ்வாய்

எல்லையில் சண்டை. செய்தியில் நம் பீரங்கிகள் முழங்குவதாகப் பெருமையாகச் சொல்கிறார்கள். படமும் காட்டுகிறார்கள். ஒவ்வொரு முழக்கத்துக்கும் தொட்டிலைத்தான் பார்க்கிறேன். அந்தப் பக்கம் குண்டு விழும் இடத்தைக் காட்டுவதில்லை. அங்கேயும் துணி காயப்போட்ட மொட்டை மாடிகள் இருக்கும்.

மே 5, திங்கள்

போன் இல்லை. தம்பி மனைவி இங்கேயே வந்துவிட்டாள். இருவரும் மாற்றி மாற்றி ஒருவரையொருவர் தேற்றுகிறோம். தேற்றுகிறவள் முகத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

மே 11, ஞாயிறு

சண்டை நிறுத்தம். தம்பி பேசினான். ஒரு காது சரியாகக் கேட்கவில்லையாம். "அது நல்லதுதான், இனிமே அக்கா மாதிரி நானும் பாதிதான் கேப்பேன்" என்றானாம் மனைவியிடம். என்னிடம் போன் வந்தபோது இருவருமே அழுதோம்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பி லீவில் வந்திருக்கிறான். சமையலறையில் கால் நீட்டி உட்கார்ந்து, இவரோடு வம்பளந்துகொண்டிருந்தான். திடீரென்று, "அக்கா, என்னை வெளிநாடு அனுப்பறாங்க" என்றான்.

இன்னும் பீரங்கிகள் வாங்கப்போகிறார்கள். போய்ப் பார்த்துப் பொறுக்கி வர ஒரு குழு. கர்னல்தான் இவன் பெயரைச் சொன்னாராம். சுரண்டத் தெரிந்தவன் ஒருவன் கூட வரட்டும் என்று.

"யார்கிட்ட வாங்கறாங்க?"

"மிட்டாய்கிட்டதான்."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "உன்னைக் கொல்லப் பார்த்தவன்கிட்டயே திரும்பவுமா? வெட்கமா இல்ல உங்களுக்கெல்லாம்?"

"வேற யாரு அக்கா குடுப்பா?" காது கேட்காத பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னான். "நான் வரலேன்னு சொல்லலாம். சொன்னா, பார்க்கத் தெரியாத ஒருத்தன் போவான். அவன் தூக்கிட்டு வர்றதுல எங்க பசங்க நிப்பாங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். போகாதே என்று சொல்லலாம். போ என்றும் சொல்லலாம். அவன் போய்க் கொண்டுவரப்போவது என்ன, அது எங்கே போய் விழும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

"எனக்கு அந்த பாஷை கொஞ்சம் கத்துக் குடு. நீ கூட வர முடியாதில்ல."

சரி, வணக்கத்திலிருந்து தொடங்கலாம் என்றேன்.

"வணக்கமெல்லாம் மிட்டாய் சொல்லிப்பான். பெயிண்டைச் சுரண்டிக் காட்டுன்னு எப்படிச் சொல்றது? மொதல்ல அதைச் சொல்லு."

சொன்னேன். அவன் சொன்னான். தப்பு. இன்னொரு தடவை. இவர் விழுந்து விழுந்து சிரித்தார், தம்பி மனைவியும். நான் சிரிக்கவில்லை. உச்சரிப்பு சரியாகும்வரை விடவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வாக்கியம் படிந்துவிட்டது.

நாளைக்கு விரிசல். அந்த மொழியில் அதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. மூன்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.